எண்பத்து நான்கு கிலோ

நோட்டில் ஆளுக்கொரு பக்கம்.
பெயர், வயது, பழைய காயம்,
எதற்காக வந்தீர்கள்.
கடைசிக் கட்டத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள்.
"எடை குறைய" என்று கிறுக்கிவிட்டுப்
பேனாவைத் திருப்பித் தருவார்கள்.

தோர்னிகே எழுதவில்லை, வாயால் சொன்னார்.
பார்வையில்லாதவர்,
திபிலிசியின் பாதிப் பியானோக்களுக்கு
அவர்தான் சுருதி சேர்க்கிறார். முதுகு வலி.
முதல் நாள் நான் குனிந்து காட்டி
"இப்படி" என்றேன்.
"எப்படி?" என்றார், சிரிக்காமல்.
அந்தச் சொல்லை அன்றோடு விட்டேன்.
இப்போது என் பேச்சில்
இடுப்பு கதவின் கீல்,
குதிகால் ஈர மண்ணில் அச்சு வைக்கும்,
தோள் காதை விட்டு விலகிப் போகும்.
கண்ணுள்ளவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.
அவர்களும் இப்போதுதான் ஒழுங்காகக் குனிகிறார்கள்.

டாக்ஸி ஓட்டும் கோச்சாவுக்கு
எடையைத் தொடுமுன் ஷூவைக் கழற்ற வேண்டும்.
சர்க்கரை அவர் பாதங்களை
உறங்க வைத்துவிட்டது.
ஒரு காலை, அவசரத்தில், பார்க்க மறந்தேன்.
லிஃப்டுக்கென்று வைத்திருந்த சில்லறை ஒன்று
எப்படியோ உள்ளே விழுந்திருக்கிறது.
ஒரு மணி நேரம்
அதன் மேலேயே குந்தி எழுந்தார்.
வலித்திருந்தால் சொல்லியிருப்பார்.
புண் ஆற ஐந்து வாரம்.
அவர் என்னைத் திட்டவே இல்லை.
அதுதான் பொறுக்கவில்லை.

பிறகு நர்கிஸா. அறுபத்தொரு வயது,
டிராலிபஸ் பணிமனையில் கணக்கு எழுதியவர்.
கடைசிக் கட்டத்தை அச்சுப் போல நிரப்பினார்:
84 கிலோ.
"பதக்கம் வாங்கப் போகிறீர்களா?" என்றேன்.
"கணவர்" என்றார்.
பக்கவாதம், வலப்பக்கம்.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு,
நாற்காலியிலிருந்து கழிவறைக்கு,
திரும்ப.

பன்னிரண்டு வாரத் திட்டம் போட்டேன்.
மணல்மூட்டை பதினைந்தில் தொடங்கியது.
ஒரு நாள் தவறவில்லை அந்தப் பெண்மணி.
ஒன்பதாம் வாரம் நாற்பத்தைந்தை அணைத்துத் தூக்கினார்.
நான் நோட்டில் ஆச்சரியக்குறி போட்டேன்,
என்னைப் பாராட்டித்தான்.

பத்தாம் வாரம் முழங்கையில் கன்றிய நீலம்.
"உங்கள் மூட்டை பயப்படாது" என்றார்.
"குராம் பயப்படுகிறார்.
பயந்தால் கனக்கிறார்."

க்ல்தானியில் எட்டாம் மாடி.
சில்லறை போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
சட்டைப்பையைத் துழாவும்போது
கோச்சாவின் பாதம் நினைவுக்கு வந்தது.

கட்டில் என் முழங்காலுக்குக் கீழே.
நாற்காலி அவரது வராத பக்கத்தில்.
ஒன்பது வாரம்
இந்த அறையைப் பார்க்காமல்
இந்த அறைக்குத் திட்டம் போட்டிருக்கிறேன்.

குராம் சரக்கு ரயில் ஓட்டியவர்.
தன்னைத் தூக்குகிறவர்களை நம்பாமல்
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் அவர் பக்கம் குனிந்து,
தோர்னிகேயிடம் கற்ற பேச்சில்,
"மூக்கு முழங்காலைத் தாண்டட்டும்,
இடது காலால் தரையைத் தள்ளுங்கள்" என்றேன்.
எட்டு மாதமாக அவரிடம்
எல்லோரும் "சும்மா இருங்கள்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
தள்ளினார்.
தரைமேல் பழைய கோபம் உள்ளவர் போல.

கீழே கட்டுமான வேலை நடந்தது.
எட்டுச் செங்கல் கேட்டு வாங்கி,
கட்டில் காலுக்கு இரண்டிரண்டாக வைத்தோம்.
நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினோம்.
அன்று மாலை நர்கிஸாவின் கைக்கு வந்தது
முப்பது கிலோ இருக்குமோ என்னவோ.
மீதியை அவரே தூக்கிக்கொண்டார்.

ஆச்சரியக்குறியை அடித்துவிட்டு
புதுப் பக்கம் திறந்தேன்.
பெயர், குராம்.
பழைய காயம், தெரிந்ததே.
எதற்காக என்ற இடத்தில்
பேனாவை இடது கையில் வாங்கி
வெகுநேரம் எழுதினார்.
எழுத்துக்கள் சரிந்து கோட்டைத் தாண்டின:
அவள் முதுகு.

நாளை காலை ஏழு மணி, கோச்சா.
முதலில் ஷூ.