உள்ளுறை வெப்பம்

பாலாடாவில் ஜனவரி.
ராத்திரி ஒன்றரைக்கு
குச்சியில் கட்டிய தெர்மாமீட்டர்
சுழிக்கு அரை டிகிரி மேலே.
மேகமில்லை, காற்றில்லை.
இப்படித் துடைத்துவைத்த வானம்தான்
கிழங்குச் செடிக்கு எமன்.

இன்ஜினை முடுக்கினேன்.
சோம்ரா ஓடிப்போய் வால்வைத் திறந்தான்.
ஸ்பிரிங்க்ளர்கள் டிக்டிக்கென்று கழுத்தைத் திருப்பி
இருட்டுக்குள் தண்ணீரை வீசின.

போன வருஷம் ஜார்க்கண்டிலிருந்து வந்த புதிதில்
என்னைப் பைத்தியம் என்றே நினைத்தான்.
நடுங்குகிறவன் தலையில்
யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?
என் அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தேன்:
தண்ணீர் சும்மா உறையாது.
கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டுத்தான் உறையும்.
கிராமுக்கு எண்பது கலோரி.
அதை இலை வாங்கிக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பேர்.
தமிழ்ப் பாடத்திலும் ஓர் உள்ளுறை இருந்தது,
சொல்லாமல் சொல்வது.
இரண்டிலும் நான் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

மூன்று மணி வாக்கில்
இலைகள் கண்ணாடி மாட்டிக்கொண்டன.
வரப்புக்கு அப்பால் நனையாத புல்லில்
மைனஸ் மூன்று.
இங்கே சுழி.
நின்றது நின்றதுதான்.
பார்க்க ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்,
அப்போதுதான் எல்லாம் நடக்கும்.

சோம்ராவின் போன் ஒருமுறை ஒளிர்ந்தது.
சத்தத்துக்கு விலகிப்போய்ப் பேசினான்.
திரும்பி வந்து
அடைத்த நாசிலைக் கம்பியால் குத்தினான்.

நாலு நாற்பதுக்கு டீசல் திணறியது.

இதை நடுவில் நிறுத்தக் கூடாது.
நிறுத்தினால் ஈரம் ஆவியாகக் கிளம்பும்,
இலையிடமே வழிச்செலவு கேட்கும்,
கொடுத்த எண்பதுக்கு அறுநூறு.
நனைக்காமலே விட்டிருக்கலாம் என்றாகிவிடும்.

தவணை முடியாத பிக்கப்பின் டேங்கில்
டியூபைச் செருகி
சோம்ரா வாயால் உறிஞ்சினான்.
துப்பினான். மறுபடி உறிஞ்சினான்.
ஒரு கேன். ஒன்றரைக் கேன்.
இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

எதிர்மேட்டில் ஆறே முக்காலுக்கே வெயில்.
எங்கள் பள்ளத்துக்கு எட்டு ஆகும்.
வந்த வெயிலும் உடனே சுடாது.
முதல் அரைமணியை முழுக்கப் பனிக்கட்டி தின்னும்.
உறைகையில் கொடுத்ததை
உருகுகையில் வசூலிக்கும்,
பைசா பாக்கி வைக்காது.

பிறகு சில்லுகள் கழன்று விழும் சத்தம்,
பாத்தி பாத்தியாக.
உள்ளே பச்சை.
நாசில் அடைத்திருந்த மூலையில் மட்டும்
ஒன்பது செடி கறுப்பு.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

இன்ஜினை அணைத்தேன்.
காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
சோம்ரா கம்பியைத் துடைத்தபடி சொன்னான்:
"அக்கா, பொண்ணு. ராத்திரி மூணு மணி."

ராத்திரி முழுக்க
அந்த முகம் ஒரு டிகிரி ஏறியிருக்கவில்லை.

எடை கேட்டேன்.
இரண்டு கிலோ நானூறு கிராம் என்றான்,
கிராமை அழுத்தி.
உதட்டில் டீசல் நாற்றம்.
சிரிக்கையில் வாயிலிருந்து ஆவி.

பிக்கப்பில் சொட்டு டீசல் இல்லை.
சர்க்கரை வாங்க
கடைவரை நடந்தோம்.