அங்கிட்டும் இங்கிட்டும்

மனுவில் இரண்டு வரிகள் எப்போதும் தனித்தனி.
வலி மற்றும் வேதனைக்கு: ஐம்பதாயிரம்.
மன உளைச்சலுக்கு: இருபத்தைந்தாயிரம்.
மேலூர் பக்கம் லாரி அடித்துக் கால் போன கொத்தனாருக்கு
மதியத்துக்குள் அடித்துத் தர வேண்டும்.
வக்கீல் பவுன்ராஜின் ஜூனியர்
கடைவாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறான்.

ஜில்லா கோர்ட்டுக்கு எதிரே பதினேழு வருடமாக
அடுத்தவர் வலிக்கு விலை அடிக்கிறேன்.
சுண்டுவிரலுக்கு உரிய எழுத்துகள்
இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வந்து சேர்கின்றன.

குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகாலை நாலரைக்கு.
நாலரைக்கு என் கை இன்னும் கையாகியிருக்காது.
ராத்திரி யாரோ சிமெண்டைக் குழைத்து
ஊற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.
இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து
உடம்பையே திருப்பித் திறக்கிறேன்.
மூடுவதற்கு மாடிவீட்டு ரெஜினா வருவாள்.
சில நாள் வரமாட்டாள்.
குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.
ஒன்றும் தோன்றாது.
அந்த ஒன்றும் தோன்றாததைத்தான்
எந்த டாக்டரிடமும் சொல்லத் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மூட்டுக்கு ஒரு சீட்டு.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற மஞ்சள் மாத்திரை,
திங்கட்கிழமை முழுக்க வாயில் இரும்பு.
ரத்தத்தில் எண் இறங்கியிருக்கிறது என்றார்கள்.
"நல்லா இருக்கீங்கம்மா."
எண்ணோடு சேர்ந்து நானும் இறங்கிக்கொண்டிருந்தது
அந்தத் தாளில் இல்லை.

தூக்கம் இல்லை,
வலிக்காத அன்றைக்கும்
நாளைக்கு வலிக்குமே என்று அழுகிறேன் என்றதும்
சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் சொன்னார்:
"அது அங்கிட்டு. இது இங்கிட்டு."

அங்கிட்டு என்பது இன்னொரு கட்டடம், இன்னொரு வரிசை.
முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்ட
ஐந்தாறு பேர்.
நானும் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.
நடுவே நூற்றிருபது தப்படி.
நான் எண்ணவில்லை, முழங்கால் எண்ணியது.

அங்கே ஒரு சின்னப்பெண், டாக்டர்தான்.
கோட்டுப் பையில் பேனா கசிந்திருந்தது.
"முன்னாடி பிடிச்சது எதாவது
இப்பப் பிடிக்காமப் போச்சாக்கா?"

பனங்கிழங்கு.

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அவளுக்கும்.
தையில் கோர்ட் வாசலில் சாக்கு விரித்து
மஞ்சள் போட்டு அவித்துக் கட்டுக்கட்டாய் விற்பார்கள்.
தோலை உரித்து, இரண்டாய்ப் பிளந்து, நடுக்குருத்தை உருவி,
நாரை ஒவ்வொன்றாய் இழுத்து இழுத்து
மூன்று மணிக்கு மேல் அரைக்கட்டு தின்பேன்.
போன தையில் வாங்கவில்லை.
அதற்கு முந்தின தையிலும்.

"உரிக்க முடியலையா, திங்கவே தோணலையா?"

எந்தக் குறுக்கு விசாரணையிலும்
இப்படி ஒரு கேள்வியை நான் அடித்ததில்லை.
நார் உரிக்க விரல் மறுத்த அன்றுதான்
ஆசையும் எழுந்து போனதா.
ஆசை காலி செய்த வீடு என்று தெரிந்துதான்
வலி இத்தனை சாவகாசமாய்க் காலை நீட்டிப் படுத்ததா.
யார் மீது யார் மோதியது?
எஃப்.ஐ.ஆர். இல்லை. சாட்சி இல்லை.

தெரியலைம்மா என்றேன்.
அவள் மூட்டுச் சீட்டை வாங்கி
அதன் பின்பக்கத்திலேயே எழுதினாள்.
"இதை அவங்ககிட்டயும் காட்டுங்க.
ஒரே ஆளுக்குத்தான ரெண்டு பேரும் பாக்குறோம்."

ஜூனியர் இருமுகிறான்.
கொத்தனாரின் இரண்டு வரிகளுக்கு நடுவே
கர்சர் துடிக்கிறது.
வரிகளை ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தேன்,
கூட்டுத்தொகை மாறவில்லை.
பிரித்தே போட்டேன். கோர்ட் ஒத்துக்கொள்ளாது.

தை பிறந்து பத்து நாள்.
தாள் சூடாக வெளியே வந்துகொண்டிருக்கும்போது கேட்டேன்:
தம்பி, வெளிய கிழங்குக்காரர் வந்துட்டாரா?
"வந்துட்டார்க்கா. வாங்கியாரவா?"

உரிச்சும் தருவியா?

அவன் மறுபடியும்
கடிகாரத்தைப் பார்த்தான்.