இடப்பக்க மூலை

ராபின்சன் சாலை, இருபத்தேழாம் மாடி.
எந்த நிதி முன்னே, எது பின்னே என்று
வரிசை கட்டுவது என் வேலை.
சராசரி கூடினால் ஒரு படி ஏற்றம்,
சிதறல் கூடினால் ஒரு படி இறக்கம்.
ஒன்பதுக்குள் பட்டியல் போய்விட வேண்டும்.
கோப்பி ஆறுவதற்குள் டெஸ்மண்ட் படித்துவிடுவார்.

விலகலை வர்க்கப்படுத்துகிறோம் அல்லவா,
அதன் பிறகு கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே முகம்.
எதிர்பாராமல் கொட்டிய லாபத்துக்கும்
நஷ்டத்துக்குப் போடும் அதே அபராதம்.
ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன்:
ஒரு பெட்டியில் நிச்சயமாய் ஒரு வெள்ளி,
மற்றதில் ஒன்று, இல்லாவிட்டால் பதினொன்று.
குழந்தைகூட இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு ஓடும்.
நம் விதி மட்டும்
இதில் வரவு கூட, அதில் ஆட்டம் இல்லை என்று
வாசலில் நின்று தலையைச் சொறிகிறதே?
ஃபைரூஸ் சிரித்தாள்.
டெஸ்மண்ட் அடுத்த பக்கம் புரட்டினார்.

அதனால்தான் எனக்கு இன்னொரு விதியைப் பிடிக்கும்.
இரண்டு எண்களோடு அது திருப்திப்படாது,
முழுக் கோட்டையும் கேட்கும்.
இதற்குக் கீழே விழ எத்தனை வாய்ப்பு,
இதற்குக் கீழே, இதற்கும் கீழே என்று
வெள்ளி வெள்ளியாக நடந்து பார்க்கும்.
ஒரு கோடு நெடுகக் கீழேயே கிடந்தால்
அதுதான் மேல்.
பேராசைக்காரனும் பயந்தாங்கொள்ளியும்
அன்றைக்கு மட்டும் ஒன்றாகக் கை தூக்குவார்கள்.
கோடுகள் வெட்டிக்கொண்டால்
பயந்தவர்களை மட்டும் தனியே கூப்பிட்டு
இடமிருந்து பரப்பைக் கூட்டிப் பார்க்கும்.
அதிலும் தேறாவிட்டால்
கையை விரித்துவிடும்.

நேற்றிரவு ஈசூன் உணவங்காடி.
டிஷ்யூ பாக்கெட் வைத்துப் பிடித்த மேசை.
மைதீன் புரோட்டாக் கடை போடுகிறானாம்,
நாற்பதாயிரம் போட்டால் பாதிப் பங்காம்.
எங்களிடம் நாற்பதாயிரம் இருக்கிறது,
பதினான்கு மாதத்தில் வரவிருக்கும்
வீவக சாவிக்காக.
திருமாறன் வலப்பக்கத்தை
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.
நான் டிஷ்யூ உறைமேல் வரைந்தேன்.
வங்கி வைப்பு செங்குத்தாய் ஒரே படி.
மைதீன் கடை இடப்பக்க மூலையிலேயே எழுந்து
அவசரமில்லாமல் ஏறி ஏறி
அந்தப் படியைக் குறுக்கே வெட்டிவிட்டு
வெகுதூரம் போனது.

"எங்கே வெட்டுகிறது?"
இங்கே, என்றேன். இதற்கு இடப்பக்கம் வீடு இல்லை.
"வலப்பக்கம்?"
சராசரி உன் கட்சி, மூலை என் கட்சி.
விதி இதற்குமேல் பேசாது.
"நீ?"

மை தீர்ந்துவிட்டது.
பேனா தேடுகிறேன் என்று என் கைப்பையைத் திறந்தான்.
மறந்தே போயிருந்தேன்.
நாலு நம்பர் சீட்டு, ஒரு வெள்ளிக்கு.
வரப்போகும் புளோக்கின் எண்,
கடைசியில் எங்கள் கல்யாண மாதம்.
ஆபத்தை அஞ்சுகிற எவரும் வாங்கமாட்டார் என்று
தேர்வுத்தாளில் நானே நிரூபித்த சீட்டு.
வாரம் தவறியதில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
இருந்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்து
ஜிப்பை இழுத்து மூடினான்.
"இன்னொரு கோப்பி சொல்லவா?"
சியூ டாய், என்றேன்,
சீனி குறைவாக.