ஒன்பதாம் வளைவு

ஆறே காலுக்கு ஏற்காட்டிலிருந்து பஸ்.
பதினான்காம் வளைவில் இடது காது அடைக்கும்,
ஒன்பதில் வலது.
அடிவாரத்தில் டிக்கெட் எடுக்காமல்
வெயில் ஏறி மடியில் உட்காரும்.
ஸ்வெட்டரைக் கழற்றிப் பையின் அடியில் அமுக்குவேன்,
அதன் மேல் கணக்குப்பதிவியல்.

முதல் வாரம் முழுக்க
எல்லோரும் தண்ணீருக்குள் நின்று பேசினார்கள்.
"எந்த ஊரும்மா?" என்றிருக்கிறார் மேடம்.
பேர்தான் கேட்கிறார் என்று
"கோகிலவாணி" என்றேன்.
"அது எங்கே இருக்கு?"
சிரிப்பு மட்டும் அடைபடாமல் வந்து சேர்ந்தது.
அன்றைக்கே பட்டப்பெயர்: ஊரு.
ஊரு வந்துட்டா. ஊருக்கு ஃபேன் போடு.
ஊரு, அந்த நோட்டைக் கொடு.

புதன்கிழமை, கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில்
மெஹராஜ் வாங்கித் தந்த தட்டுவடை செட்.
பீட்ரூட் உதிராமல் வாய்க்குள் தள்ளிக் கடித்தேன்.
தாடையில் என்னவோ 'டப்'பென்று விட்டுக்கொள்ள
ஒரேயடியாக உள்ளே கொட்டியது
அஸ்தம்பட்டி:
ஹாரன், கரண்டி, சில்லறை,
நடுவில் அவள் குரல், பாதியிலிருந்து:
"...ஆத்தூர்லேருந்து ரெண்டு பஸ்,
ஹாஸ்டல் கிடைக்கல, யார்கிட்டயும் பேசல.
இந்த ரெண்டு வாரத்துல
நீ ஒருத்திதான் குறுக்கே பேசாம
முழுசாக் கேட்டே."

கேட்கவில்லை என்று
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மலை ஏறும்போதும் அடைக்கிறது,
அதே ஒன்பதில்.
அடுப்படியிலிருந்து அம்மா
ஏதோ இரண்டாம் தடவை கேட்கிறாள்.
கொட்டாவி விட்டுப் பார்க்கிறேன், எச்சில் விழுங்குகிறேன்.
"இரும்மா,
ஊரு இன்னும் வந்து சேரல."
அவளுக்குப் புரியவில்லை.
தட்டை நகர்த்திவிட்டுப் போகிறாள்.