ஐம்பது மீட்டர்

லேமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கியது.
புளியங்கொட்டை அளவு மைக், வயர் இல்லை.
ஐம்பது மீட்டர் வரை கேட்கும் என்றான் கடைக்காரன்.
நான் நம்பவில்லை.

தாராவி, தொண்ணூறு அடி ரோடு, காலை ஆறே கால்.
எஸ்தர்கனி அக்காவின் முந்தானையில் மாட்டினேன்.
நழுவியது.
ஊக்கு ஒன்றைக் குத்தி அவளே நிறுத்தினாள்.
"பேரு, ஊரு, எத்தனை வருஷமா இட்லி, அவ்வளவுதான்க்கா."
"இந்தா, சட்னி எடுத்துட்டு வந்துருதேன்."
சந்துக்குள் போய்விட்டாள்.

என் காதில் ஹெட்போன்.
தேங்கிய தண்ணீரில் செருப்பு,
யாரையோ "பாஜூலா ஹோ" என்று விலக்கும் அதட்டல்,
சேலை உரசல்.
பிறகு மூன்று சுவர் தாண்டி:

"வணக்கம். நான் எஸ்தர்கனி."
நிறுத்தம்.
"வணக்கங்க, எம்பேரு எஸ்தர்கனி. நாசரேத்துப் பக்கம்.
பள்ளியோடத்துல கணக்குல நூத்துக்கு நூறு.
இங்க மாவுலதான் கணக்கு."
சிரிப்பு.
"ச்சே, இது வேண்டாம்."

தூக்குவாளியோடு வந்தாள்.
கேமராவைப் பார்த்தாள்.
"இட்லி. நல்லாருக்கும்."
அதற்குமேல் வரவில்லை.

மைக்கைக் கழற்றித் தந்தபோது
"கேட்டுச்சா தம்பி?"
"கேட்டுச்சுக்கா."
எது என்று அவள் கேட்கவில்லை.

ராத்திரி எடிட்டில் பார்த்தால்
அந்த நாற்பது நொடியும்
ஆளில்லாத தள்ளுவண்டி, ஆவி,
தட்டை எட்டிப் பார்க்கும் ஒரு காக்கா.

கேட்காமல் போடக் கூடாது.
நாளைக்கு ஐந்தரைக்கே போகணும்,
கூட்டம் சேருமுன்
அவள் காதில் ஹெட்போனை மாட்ட.