ஐம்பதடிக் கோடு

பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது
துணி ஒட்டிய வரைபடம்,
மேட்டூர் கட்டுவதற்கு முந்தையது.
சுருளாமலிருக்க
ஒரு மூலையில் ஸ்டேப்ளர், ஒன்றில் என் டிபன் பாக்ஸ்,
ஒன்றில் மதகுச் சாவி,
நாலாவதில் லஸ்கர் பூவராகனின் கட்டைவிரல்.

ஏரி ஒல்லியாக, நீளமாக
ஒருக்களித்துப் படுத்திருந்தது.
நீலம் வெளுத்துவிட்டது.
வண்டல் மேட்டில் இன்று நிற்கும் கருவேலங்காடு
அந்த வெளுப்பில் இன்னும் முளைக்கவில்லை.

தேடியது வழக்குக்காக:
லால்பேட்டை ஹபீபுல்லாவின் கொடிக்கால்
கரைக்கு உள்ளேயா, வெளியேயா.
நீதிபதிக்கு ஒரு கோடு வேண்டும்.

பயிற்சியில் நீலகிரித் தாள் பார்த்திருக்கிறேன்.
உயரக்கோடுகள் கைரேகை மாதிரி
மூச்சுமுட்ட நெருங்கிக் கிடக்கும்.
எங்கள் தாளில் ஒன்றே ஒன்று.
பழுப்பு நிறம், ஐம்பது அடி.
மேற்கே நுழைந்து
வடவாற்றிடம் வழி கேட்டு
ஒரு குளத்தைச் சுற்றிக்கொண்டு
துணியில் பிரிந்த நூலாகக்
கிழக்கே தாளைவிட்டுப் போய்விடுகிறது.

இவ்வளவுதானா நம்ம மேடு பள்ளம் என்று சிரித்தேன்.
பூவராகன் சிரிக்கவில்லை.
"கோடு எங்க தெருவுக்கு மேலாண்ட போவுதா,
கீழாண்ட போவுதா, பாருங்க மேடம்."

கோயில், சத்திரம், கடைத்தெரு
எல்லாம் கோட்டுக்கு மேலே, பெயரோடு.
கீழே ஆறு கறுப்புப் புள்ளிகள்.
பெயர் கேட்காமல் போன சர்வேயர்
உயரம் மட்டும் எடுத்திருக்கிறார்:
நாற்பத்தெட்டு.

"ரெண்டடி," என்றார்.
குனிந்து தொடையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்,
அளந்து வைத்தது போல.

ஐப்பசியில் உபரி மதகைத் திறப்பவர் இவர்தான்.
சங்கு ஊதுமுன் வீட்டுக்கு ஒரு போன்:
அரிசியைப் பரணில் ஏத்து.
பிறகு சக்கரத்தைச் சுற்றுவார்.
இருபத்தொரு வருடம்.
நான் பதிவேட்டில் கன அடி மட்டும் எழுதுவேன்.

ஸ்கேனரில் தாள் அடங்கவில்லை.
இரண்டாக எடுத்து ஒட்டியதில்
கோடு ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றது.
தரையில் அது இருநூறு அடி.
ஹபீபுல்லா ஜெயித்துவிடுவார்.
அழித்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

ஆறு புள்ளிக்குப் பக்கத்தில்
பென்சிலால் தெருப்பெயரை எழுதப் போனேன்.
"கோர்ட்டுக்குப் போறது மேடம், கிறுக்கக் கூடாது."

இரவு எட்டு மணிக்குப் பிரிண்ட் வந்தது.
ஏரி மங்கல், கோடு மங்கல்.
நாலாவது மூலையில் மட்டும்
மதகு கிரீஸ் படிந்த ஒரு கட்டைவிரல்,
வளையத்துக்குள் வளையமாக,
தாளிலேயே உயரமான இடம்.