இடது கீழ் மூலை

நாற்பத்தொரு கணினிகள்.
வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவுக்குள்
எல்லாவற்றையும் மாற்றியவன் நான்தான்.
க்டீனியா துறைமுகத்து எடை அலுவலகத்தில்
ஹீட்டர் பாதிதான் வேலை செய்யும்.
கடைசிக் கணினிக்கு வந்தபோது
என் விரல்கள் யாருடையவையோ போலிருந்தன.

திங்கள் காலை ஆறேகாலுக்கு
போகுமிலா வந்து உட்கார்ந்தாள்.
பதினேழு வருட நாற்காலி.
கோட்டைக் கழற்றவில்லை, திரையைப் பார்க்கவுமில்லை.
கை தானாகப் போயிற்று
இடது கீழ் மூலைக்கு,
இருட்டில் தடவாமல் சுவிட்சைப் போடுகிறவள் மாதிரி.
அங்கே ஒன்றுமில்லை.
மறுபடி அழுத்தினாள்.
ஒன்றுமில்லாததை மூன்றாம் முறையும் அழுத்திவிட்டு
என்னைப் பார்த்தாள்.

திரை முழுக்கப் பச்சை, ஊதா, ஆரஞ்சுக் கட்டங்கள்.
ஒன்றில் வானிலை: மைனஸ் நான்கு.
அது ஜன்னலிலேயே தெரிந்தது.
ஒன்றில் யாரோ சிரிக்கும் கடற்கரை.
எடைச்சீட்டு எங்கே என்றாள்.
வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள் என்றேன்.
எதால்?
விரலால், என்றிருந்தது கையேட்டில்.

இந்தத் திரைக்கு விரல் தெரியாது.
இரண்டாயிரத்து ஆறில் வாங்கியது.
தொட்டால் ரேகை பதியும்,
அவ்வளவுதான்.

இரண்டு லாரிகளின் எடையைக் கூட்டக்
கணிப்பானைத் திறந்தால்
அது திரை முழுவதையும் எடுத்துக்கொண்டது.
கூட்டல் குறி மட்டும் என் உள்ளங்கை அகலம்.
கூட்ட வேண்டிய எண்கள் அதன் பின்னால் போய்விட்டன.
எண்களை சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டான் வின்ச்சென்டி.
மாலையில் அணைக்கும் வழி தெரியாமல்
எட்டுப் பேர் பிளக்கைப் பிடுங்கினார்கள்.
ஒன்பதாவது ஆள் நான்; அதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை வார்ஸாவிலிருந்து பயிற்சியாளன் வந்தான்,
மடியில் பளபளக்கும் பலகைக் கணினியோடு.
உலகமே இனி விரல்நுனியில், என்றான்.
நிஜமாகவே நம்பினான்;
அவன்மேல் கோபப்பட முடியவில்லை.
வின்ச்சென்டி கிரீஸ் படிந்த கையுறையைக்
கழற்றிக் காட்டினான்.
கிரேன் சங்கிலி எடுத்துக்கொண்டது போக
மிச்சமிருந்த சுட்டுவிரல்.
இந்த நுனியிலா, தம்பி?
வின்ச்சென்டி மட்டும்தான் சிரித்தான்.

அன்று மத்தியானம் போகுமிலா
ஹெரிங் மீன் டப்பாவின் அட்டையை
வட்டமாகக் கத்தரித்தாள்.
நீலப் பேனாவால் 'தொடங்கு' என்று எழுதி
பஞ்சு வைத்த பசைநாடாவால்
திரைச்சட்டத்தின் இடது கீழ் மூலையில் ஒட்டினாள்.
வெள்ளிக்குள் பத்தொன்பது கணினிகளில் அட்டை.
ஒருவர் நங்கூரம் வரைந்திருந்தார்,
ஒருவர் கதவு,
கணக்குப் பிரிவில் எழுதியிருந்ததை
இங்கே எழுத முடியாது.
கிழித்துவிடு என்று மேலிடத்து உத்தரவு.
இரண்டைக் கிழித்தேன்.
மூன்றாவது நங்கூரம்.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பனி கரையும் மாதத்தில்
ஒரு புதுப்பிப்பு வந்தது.
உங்கள் குரலைக் கேட்டோம் என்றது.
மூலையில் பொத்தான், நிஜப் பொத்தான்!
அலுவலகமே எழுந்து வந்து
போகுமிலாவின் பின்னால் நின்றது.
அழுத்தினாள்.

அதே பச்சை. அதே ஊதா.
மைனஸ் நான்கு மட்டும் ப்ளஸ் ஆறாகியிருந்தது.

ஒருவரும் பேசவில்லை.
அவள் திரும்பாமலே கேட்டாள்:
கதவைத் தந்தார்கள், சரி.
வீட்டை யார் வைத்திருக்கிறார்கள்?
பிறகு முதல் லாரி ஹாரன் அடித்தது.
எல்லோரும் போய்விட்டார்கள்.

அட்டையை அவள் எடுக்கவேயில்லை.
நேற்று இரவு நான் மட்டும்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோன
இன்னொரு புதுப்பிப்புக்குக் காவலிருந்தேன்.
பொழுது போகாமல்
என் கை அந்த மூலைக்குப் போயிற்று.
மீன் வாசனை இன்னும் லேசாக.
அழுத்தினேன்.

எதுவும் திறக்கவில்லை.
பஞ்சு மட்டும் கொஞ்சம் அமுங்கி
மெல்ல மேலே வந்தது.